உத்தரணியில் மாம்பழத் தயிர் ஐஸ்

அய்யய்யோ, கடிக்காதேள் மாமா. சப்பிண்டே இருங்கோ. இதை அப்படித்தான் சாப்பிடணும்.

கைப்பிடியா? ஆமாம், உத்தரணியேதான். சந்தியாவந்தனத்துல தீர்த்தம் எடுக்கற ஸ்பூன்தான். புளி போட்டுத் தேச்சு அலம்பியாச்சு, பயப்படாதேள். குச்சி வாங்கிண்டு வாங்கோன்னா, எங்காத்துக்காரர், ஆத்துல இத்தனை உத்தரணி கெடக்கறச்சே குச்சி எதுக்குடீ ஜெயலக்ஷ்மின்னுட்டார். ஐஸ் வார்க்கற அச்சா? அதுக்கு அந்தத் தீர்த்த டம்ளர், பஞ்சபாத்திரம். பூணூல், அறுபதாம் கல்யாணம்னு போன எடத்துலெல்லாம் குடுத்தது, பரண்ல ஒரு பெட்டி நெறைய இருக்கு.

இல்லே இல்லே, அவசரமே இல்லே. மாமியும் உங்க பிள்ளையும் இப்போதைக்கு மொட்டை மாடியிலேர்ந்து எறங்க மாட்டா. தயிரை எப்படித் தொங்க விடறதுன்னு இவர் காமிக்க ஆரம்பிச்சார்னா லேசுல விடமாட்டார். நல்ல வேளை, உங்களுக்கு முழங்கால் வலி.

பேங்க்லேர்ந்து ரிடயர் ஆனதுலேர்ந்தே இப்படித்தான் மாமா. கத்திரி வெயில் ஆரம்பிச்ச அன்னிக்கு போன் வீடியோவுல எவளோ ஒருத்தி, தயிர், பழம், கொஞ்சம் தேன், ஃப்ரீஸர், அவ்வளவுதான்னு சொல்லிட்டுப் போயிட்டா. இவர் அன்னிக்கே தண்ணித்துறை மார்க்கெட்டுக்குப் போய் மாம்பழம், சப்போட்டா, தர்பூசணின்னு ஆட்டோ நெறைய வாங்கிண்டு வந்துட்டார். தயிரை அங்கவஸ்திரத்துல மூட்டை கட்டி பால்கனிக் கொடியில தொங்க விட்டார். அது சொட்டுச் சொட்டா கீழ் ஃப்ளாட் அம்பி மாமா தலையில விழுந்திருக்கு. அவர் ஏஸி ஒழுகறதுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டுட்டார். அந்தப் பையன் ஒரு சொட்டைத் தொட்டு நக்கிப் பாத்துட்டு, கேஸ் புளிச்சுப் போச்சு சார்னானாம்.

அட, சிரிச்சா உருகறது பாருங்கோ. சப்புங்கோ, சப்புங்கோ.

இன்னிக்கு நான் சொஜ்ஜி பஜ்ஜிதான் பண்றதா இருந்தேன். இவர்தான் கேக்கல்லே. இந்த வெயில்ல சொஜ்ஜி குடுத்தா கோட்டூர்புரத்துலேர்ந்து பொண்ணு பாக்க வரவா மயக்கம் போட்டு விழுந்துடுவா, நான் பண்ணின ஐஸ்தான்னு ஒரே பிடிவாதம்.

ஹம்சாவா? வருவா மாமா. பொடவை கட்டிண்டிருக்கா. பாட்டா? பேஷாப் பாடுவா. கொழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கறவளாச்சே.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேள். இதுக்கு முன்னாடி வந்தவாகிட்டயெல்லாம் அவ உம்முனுதான் உக்காந்திருந்தா. உங்க பிள்ளையோட போன்ல பேசறச்சேதான் சிரிக்கறா. ஒரு நாள் கதவு இடுக்கு வழியா நானே பாத்தேன். மனசு நெறைஞ்சு போச்சு. இந்த எடம் தட்டிப் போகப்படாதேன்னு அப்பவே கபாலியை வேண்டிண்டேன்.

என்ன சத்தமா? குக்கர் இல்லே மாமா. விசிலும் இல்லே. அது ஹம்சா. ஸட்ஜம் பிடிச்சுப் பாக்கறா.

இல்லே, எப்பவும் அப்படி வராது. இன்னிக்குத்தான். 'ஸ'ன்னு ஆரம்பிச்சா காத்துன்னா வெளிய போறது.

சரி, உங்ககிட்ட என்னத்துக்கு ஒளிக்கணும்? போன வருஷம் மந்தைவெளியில ஸ்கூட்டி பள்ளத்துல எறங்கி அவளுக்கு முன்பல் ஒண்ணு போயிடுத்து. அதே மாதிரி ஒண்ணு கட்டியிருந்தோம். கார்த்தால இவர், சரியா உறைஞ்சிருக்கா பாரும்மான்னு ஒண்ணை நீட்டினார். பாறாங்கல்லா இருந்திருக்கு. அவளும் கடிச்சா. வாய் மரத்துப் போனதுல ஒண்ணும் தெரியல்லே. தித்திப்பு போறல்லேப்பான்னு திருப்பிக் குடுத்துட்டா. இவர் அத்தனையையும் உருக்கி, தேனை விட்டு, மறுபடி உறைய வெச்சார். மிக்ஸியில போட்டிருந்தாலாவது சத்தம் கேட்டிருக்கும். மத்தால கடைஞ்சார் மாமா! அவ பொட்டு வெச்சுக்கக் கண்ணாடி முன்னாடி நின்னு அலறினப்போ, நீங்கள்ளாம் லிஃப்ட்ல ஏறியாச்சு. தடுக்கறதுக்குள்ள இவர் தட்டைத் தூக்கிண்டு வந்துட்டார்.

மாமி சாப்பிட்டா, ஒண்ணும் வரல்லே. இவர் சாப்பிட்டதுலயும் இல்லே. நான் சர்க்கரைக்காரி, ரெண்டு தின்னேன், அதுலயும் இல்லே. மிச்சம் உங்க கையில இருக்கறது ஒண்ணுதான். அதான் கடிக்காதேள், கடிக்காதேள்னு...

என்ன மாமா முழிக்கறேள்? கடக்குன்னுதா? துப்புங்கோ, இதோ, என் கையிலேயே துப்புங்கோ. பகவானே! ஹம்சா, கெடைச்சுடுத்துடீ!

இருங்கோ. இது கடைவாய்ப்பல்லுன்னா? உங்களோடதா? ஐயோ, வலிக்கறதா? அந்த ஐஸையே அங்க வெச்சு அமுக்கிக்கோங்கோ, மரத்துடும்.

அப்போ அவளோடது எங்க? உங்க பிள்ளை மட்டும்தான் கடிக்கவும் இல்லே, சப்பவும் இல்லே. ரொம்ப நன்னாருக்கு மாமின்னுட்டு மடக்கு மடக்குனு உள்ள தள்ளினார்.

போறது, விடுங்கோ. எங்காத்துப் பொண்ணு கொஞ்சம் உங்காத்துக்கு வந்தாச்சு. இனிமே ஆத்துக்குப் போய் யோசிச்சுச் சொல்லியனுப்பறோம்னெல்லாம் சொல்லப்படாது, ஆமாம்.