கேட்டால் கை தூக்கவும்

பிற்பகல் இரண்டரை மணி. ஆம், பிற்பகல்தான். இருட்டினால்தான் எல்லாம் வரும் என்று, விளக்கு அணைந்ததும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டீர்களே... இது பட்டப்பகலில் நடந்தது. மூடிக் கிடக்கும் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் மதிலை ஒட்டிப் போகும் சாலை. ஒருபுறம் மதில், மறுபுறம் புதர். அந்த நேரத்தில் எதிரே ஒரு சைக்கிள்கூட வராது.

சாலையில் ஒரு பழைய கார். ஓட்டியவர் நம் நண்பர் ஒருவரின் தாய்மாமன். பெயர் எதற்கு? மாமா என்றே வைத்துக்கொள்வோம். கடைவீதியில் மூக்குக்கண்ணாடி விற்பவர். பின் இருக்கையில் அவருடைய அப்பா. காரும் அப்பாவுடையதுதான். காருக்கும் அவருக்கும் வாய் ஓயாது என்று வீட்டில் சொல்வார்கள். எஞ்சின் உறுமும், அடித்தகடு அதிரும், நான்கு கதவுகளும் குளிரில் நிற்பவன் பற்களைப் போல அடித்துக்கொள்ளும். அன்று காலை அப்பா கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் எதிரிலேயே மகனை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்டிருந்தார். திரும்பும் வழியில் இருவரும் பேசவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றது. அப்பா இறங்கவில்லை.

மாரடைப்பு என்றார் மருத்துவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். உயிர் சட்டென்று போயிருக்காது, கொஞ்ச நேரம் போராடியிருப்பார் என்று சேர்த்தும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால் குடும்பம் இரண்டாயிற்று.

மாமாவும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். "வண்டிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேட்கலை." துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் காரை அறியாதவர் யார்? மாமாவின் தங்கை மட்டும் தலையாட்டவில்லை. நம் நண்பரின் அம்மாதான் அவர். வந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னார்:

"ஊருக்கெல்லாம் கண்ணைத் தெரிய வைக்கிறவனுக்குக் காது மட்டும் கேட்காதாம்."

அன்றோடு 'அண்ணா' என்ற சொல் அவர் வாயிலிருந்து போயிற்று. தாயாரையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்.

தாயார் சண்டை போடவில்லை. அதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "அவர் கூப்பிட்டாராடா?" கேட்கவில்லை என்றார் மாமா. தாயார் அப்படியே நம்பினார். ஆனால் மாமா அவரைத் திரும்ப அழைத்துவரப் போகும்போதெல்லாம், வாசலில் நிற்கும் காரைப் பார்த்ததும் கால் எடுத்து வைக்க மறுத்தார்.

"அதுல நான் ஏறமாட்டேன். நான் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது."

மாமாவின் சொல்லே திரும்பி வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. வேறு கார் வாங்கலாமே என்பீர்கள். தடயத்தை விற்றுவிட்டான் என்று தங்கை சொல்வார், மாமாவுக்கு அது தெரியும். ஆகவே, காரை வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

கார்களுக்கு இருக்கை தைத்து, உள்வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். பஞ்சு என்று பட்டப்பெயர். வேலையில் சுத்தம், வாய்தான் உப்புத்தாள். கருவி வைத்துச் சத்தத்தை அளக்கமாட்டீர்களா என்று மாமா கேட்டதற்கு, கருவியா காரில் ஏறிப் போகப்போகிறது என்று எரிந்து விழுந்தார். அவருக்கென்று ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் ஓட்ட வேண்டும், பஞ்சு பின் இருக்கையில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் எண்களைச் சொல்வார். கேட்டால் இடக்கையைத் தூக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. எத்தனை முறை கை எழவில்லையோ, அதைக் கொண்டு வேலையின் அளவை முடிவு செய்வார்.

போக்குவரத்து இல்லாத சாலை வேண்டும் என்றார். மாமா வேறு சாலைகளைச் சொல்லிப் பார்த்தார். பஞ்சு ஒப்பவில்லை. தொழிற்சாலை மதிலோரம்தான் அவர் எல்லாக் கார்களையும் சோதிப்பார். இரும்பு வாசலைத் தாண்டியதும் தொடங்குவார், மதில் முடியும் இடத்தில் நிறுத்துவார்.

கார் உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது.

"ஒண்ணு."

அத்தனை இரைச்சலுக்கும் மேலே, தட்டில் விழுந்த நாணயம்போலத் தனியாகக் கேட்டது குரல். மாமாவின் இடக்கை அசையவில்லை.

"ரெண்டு."

தெளிவாக... காதோரத்தில் சொன்னதுபோலத் தெளிவாக. காரில் இருந்தவர்கள் இருவர்தான். கையைத் தூக்கியிருந்தால் பஞ்சு யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்? ஆனாலும் அந்தக் கை எழவில்லை. எழுந்தால், ஓர் ஆண்டாக மாமாவைத் தாங்கிக்கொண்டிருந்த வாக்கியம் விழுந்துவிடும். கழுத்தில் வியர்வை வழிய ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பஞ்சு தொண்டை கிழியக் கத்தியபோதுதான் கையைத் தூக்கினார்.

"இது காரு இல்லை சார், மாவு மில்லு. இதுக்கு ரெட்டை வேலை கேட்கும்."

இரட்டை வேலையே நடந்தது. இருக்கைகளைக் கழற்றினார்கள், கதவுகளை உரித்தார்கள். பஞ்சு விரல்முட்டியால் ஒவ்வொரு தகடாகத் தட்டினார்... டங். கருநிறத் தார்விரிப்பைச் சூடாக்கி ஒட்டி உருளையால் அழுத்தி, மறுபடி தட்டினார்... தொப். அதன்மேல் கம்பளி, கம்பளியின்மேல் ரப்பர். கதவு விளிம்பெங்கும் புதிய ரப்பர்ப் பட்டை. தார் நாற்றமும் பசை நாற்றமும் தொண்டையில் போய் உட்கார்ந்தன.

ஓட்டுநர் இருக்கையைத் திருப்பிப் போட்டபோது பஞ்சு வேலையை நிறுத்தினார். முதுகுப்பக்கத் தோலில் நான்கு கீறல்கள். ஒரே இடைவெளியில், மேலிருந்து கீழாக, உள்ளே அடைத்த பஞ்சு பிதுங்கும் ஆழத்துக்கு.

"பூனை வளக்கிறீங்களா சார்?"

"ஆமா."

"பெரிய பூனைதான்," என்றார் அவர், கீறலில் தன் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டே. விரல்கள் சரியாகப் பொருந்தின. புது உறை தைத்துப் போட்டுவிட்டார்.

வேலை முடிந்தது என்று மாமா சொல்லியனுப்பினார். தாயாரிடமிருந்து வந்த பதில், மகள் முதலில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்பது. ஆகவே இரண்டாம் சோதனைக்குத் தங்கையும் வந்தார். முன் இருக்கையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. சீக்கிரம் முடியுங்கள், வீட்டில் வேலை கிடக்கிறது என்று பின்னால் இருந்த பஞ்சுவிடம் சொன்னார்.

கதவு சாத்தப்பட்டது... தொப். வெளியுலகத்தின்மேல் மூடி போட்டதுபோல் இருந்தது. கார் நகர்ந்தது. எஞ்சின் எங்கோ தொலைவில், வேறொருவர் வீட்டில் ஓடுவதுபோல் முனகியது. மாமாவின் கைக்கடிகாரம் டிக் டிக் என்றது. தங்கை எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. பஞ்சுவுக்குப் பெருமை தாளவில்லை. உள்ளே உட்கார்ந்து எவன் கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது என்றார். பிறகு, சோதனை முறைப்படி வாயை மூடிக்கொண்டார்.

மதில் தொடங்கிற்று. மணி இரண்டரை.

பின்னாலிருந்து குரல் வந்தது... மெல்ல. மாமாவின் கை உடனே எழுந்தது. இந்தமுறை அவர் கையைத் தூக்கத் துடித்துக்கொண்டிருந்தார். தங்கை பார்க்க வேண்டும், போய்த் தாயாரிடம் சொல்ல வேண்டும். எந்த எண் என்பதைக்கூட மனம் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுபடியும் குரல். கொஞ்சம் கிட்டத்தில். கை எழுந்தது. அது எண்ணாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் முறை காதின் பின்புறம் மூச்சுப் பட்டது. பசை நாற்றத்தை விலக்கிக்கொண்டு வெற்றிலையும் வியர்வையும் கலந்த ஒரு வாடை. "நிறுத்துப்பா..." கூடவே, புது உறையின்மேல் ஏதோ இழுபடும் ஓசை... சர்ர்ர். அதை மாமா காதால் கேட்கவில்லை. முதுகால் உணர்ந்தார். கை எழுந்தது.

"சார், எதுக்குச் சும்மா சும்மா கையைத் தூக்குறீங்க?" என்றார் பஞ்சு, எரிச்சலோடு. "இரும்பு வாசலே இன்னும் வரலை. நான் வாயைத் திறக்கவே இல்லையே."

தங்கை திரும்பினார். ஓர் ஆண்டில் முதன்முறையாக அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தார். மெல்ல, நிதானமாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேட்கலை. அன்னைக்கும் மூணு தடவைதானா, அண்ணா?"

பதில் சொல்ல மாமா வாயைத் திறந்தார். சொல் வருமுன் கை எழுந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும் தங்கை தாயாரிடம் எதையும் விளக்கவில்லை. "அவனுக்கு இப்ப நல்லாக் கேட்குதும்மா" என்று மட்டும் சொன்னார். தாயாருக்கு அது போதுமானதாக இருந்தது. தம் பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலைகளை எடுத்து மகள் வீட்டு அலமாரியில் அடுக்கினார். அதற்குப் பிறகு மாமா வந்தால், அந்த வீட்டுக் கதவு திறப்பதில்லை.

மாமா காரைப் பஞ்சுவிடமே திருப்பிக் கொண்டுபோனார். எல்லாவற்றையும் பிய்த்துப் போடச் சொன்னார். பழைய சத்தம் வேண்டும், ஓர் அணுவும் குறையக் கூடாது. பிய்க்கவா தைத்தேன் என்று பஞ்சு குதித்தார். ஆனால் மாமாவின் கண்களைப் பார்த்தபின் சுரண்டியைக் கையில் எடுத்தார். தார்விரிப்பைச் சுரண்டி, கம்பளியை உருவி, ரப்பர்ப் பட்டைகளை இழுத்தெறிந்து, வெறும் தகடாக்கிக் கொடுத்தார். பட்டறையை விட்டுப் போகும்போது கார் தெருவே அதிர உறுமியது.

அதற்குப் பின் ஒரு நாள், பஞ்சு வேறொருவர் காரைச் சோதிப்பதற்காக அந்த மதிலோரம் போயிருந்தார். பிற்பகல்தான். வளைவில் மாமாவின் கார் வந்தது, வேகமாக. கதவுக் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே மாமாவின் இடக்கை உயர்ந்தே நின்றது. வாய் விரிவதும் மூடுவதுமாக இருந்தது. கத்திக்கொண்டிருந்தார். ஆனால் வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. எஞ்சின் சத்தமில்லை, கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தமில்லை, சக்கரம் சரளைக்கல்லில் உருளும் சத்தம்கூட இல்லை. கார் அவரைக் கடந்து போயிற்று.

நம்ம வேலை எப்படி நிற்கிறது பார் என்று, பக்கத்தில் நின்றவரிடம் பஞ்சு பெருமையாகச் சொன்னாராம்.

சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்ததாம்... பிய்த்தெடுத்த விரிப்பு மொத்தமும் அவருடைய பட்டறைக் கொல்லையில், மழையில் நனைந்து குவியலாகக் கிடப்பது.