முப்பத்திரண்டு காற்று

"முப்பத்தஞ்சுதான் வைக்கணும். வண்டிக் கதவுலயே ஒட்டியிருக்கு, படிக்கத் தெரியாதா?"

"அதெல்லாம் சும்மா ஒட்டறது. முப்பத்தஞ்சு வச்சா ஒவ்வொரு குழியிலயும் என் இடுப்பு கழண்டு விழுது. இருபத்தெட்டு போதும்."

"இடுப்புக்கு வைத்தியம் பாருங்க. டயரை நான் பாத்துக்கறேன்."

"பல் டாக்டரை இடுப்புக்கு வைத்தியம் பாக்கச் சொல்ற ஆளு நீ ஒருத்திதான்."

எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து தேடுவேன். அதனால் ஒட்டுக்கேட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், சார். காது இருந்தது, கேட்டது.

பல் டாக்டருக்கும் அவர் பெண்டாட்டி கணக்கு டீச்சருக்கும் வேறு குறையே கிடையாது. ஒரு பெண் குழந்தை, ஒரு பழைய ஜீப். வாரம் முழுக்க டீச்சர் அதை நெடுஞ்சாலை வழியாகத் தன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போவாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சிநேகிதர்களோடு கடற்கரை மணலில் ஓட்டுவார். மணலுக்கு டயர் தொளதொளவென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதைந்துவிடும். சாலைக்கு விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொள டயரோடு வேகமாகப் போனால் உள்ளே சூடேறி வெடித்துவிடும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. டீச்சர் சுவர் வழியாக நடத்திய பாடம். நல்ல டீச்சர்.

காற்றை அளக்க ஆளுக்கொரு மீட்டர் வைத்திருந்தார்கள். அவர் மீட்டரை இவள் நம்பமாட்டாள், இவள் மீட்டரை அவர் நம்பமாட்டார். அவர் இறக்குவார், இவள் ஏற்றுவாள். சாயங்காலமானால் நான் காய் நறுக்கும் பலகையை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கமான மனுஷர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பேச்சும் கிடையாது. "ம்" என்பார். தட்டை நகர்த்தினால் போதும் என்று அர்த்தம். எங்களுக்குள் கடைசியாக எதற்குச் சண்டை வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் சமாதானம் செய்துவைத்தவன் டயர் கடைக்காரன். "சாக்பீஸால டயருக்குக் குறுக்க ஒரு கோடு போடுங்கம்மா. நேரா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து ஜாஸ்தி. ஓரம் மட்டும் அழிஞ்சா கம்மி. ஒரே சீரா அழிஞ்சா அதான் உங்க வண்டிக்கு அளவு" என்றானாம். டீச்சர் வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம். இரண்டு பேரும் கோடு போட்டார்கள், ஓட்டினார்கள், இறங்கிக் குனிந்து பார்த்தார்கள், மறுபடி கோடு போட்டார்கள். முப்பத்திரண்டில் கோடு சீராக அழிந்தது. டாக்டர் மூக்கெல்லாம் வெள்ளைத் தூள். நடுத்தெருவில் நின்று இருவரும் சிரித்ததை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அதற்கப்புறம் சுவர் செத்துப்போயிற்று. "உப்பு போதுமாங்க?" "போதும்மா." அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை விடிகாலையில், பால் வாங்கப் போகிறவள், கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். வால்வு மூடியைத் திருகிவிட்டு நடு முள்ளை அழுத்தினால் உஸ்ஸென்று வரும். கொஞ்சம்தான் விட்டேன். பலன் அன்றைக்கே தெரிந்தது.

"பேசி வச்சது முப்பத்திரெண்டு. இருபத்தேழு காட்டுது."

"நீ சொன்ன மாதிரி பங்க்ல அடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். நான் தொடவே இல்ல."

"அப்ப காத்து தானா எறங்கி நடந்து போயிருச்சா?"

"உன் மீட்டர்ல கோளாறு."

"கோளாறு மீட்டர்ல இல்ல."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்னவாம்?" என்றார். முழுசாக ஒரு வார்த்தை. அப்புறம் எப்படி விட முடியும்?

அடிக்கடி போனேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர்தான் சந்தேகப்பட்டார்கள். என் பக்கம் திரும்ப அவர்களுக்கு நேரம் ஏது? கடைசியில் டாக்டர் வெறுத்துப்போய், "இனிமே டயர்னு ஒரு பேச்சு இந்த வீட்ல வரக் கூடாது" என்று கதவைச் சாத்தினார். டீச்சர் ரோஷக்காரி. தன் மீட்டரை ஜீப்புக்குள் வீசியவள் அப்புறம் கையால் தொடவில்லை. பேச்சு நின்றது. டயரைப் பார்ப்பதும் நின்றது.

இன்னும் கொஞ்சம் இறக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு இறக்கினால் யாராவது வாயைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். நியாயமான கணக்குதான்.

அன்று நல்ல வெயில். டீச்சர் குழந்தையை என் கையில் கொடுத்து, "பாப்பாவுக்குச் சளி, சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கங்க அக்கா" என்றாள். பின் டயர் தரையில் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவள் பையை வீசி ஏறிக்கொண்டாள். நான் கையசைத்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

நெடுஞ்சாலையில் டயர் வெடித்து ஜீப் புரண்டது. டீச்சர் ஆஸ்பத்திரிவரைகூடப் போகவில்லை. செய்தி வந்தபோது குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மணல்ல எறக்கினேன். வரும்போது அடிச்சேனா, ஞாபகமே வரல. என்னாலதான்" என்றார் டாக்டர். உங்கள் ஸ்டேஷன் ஆட்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். படித்த மனுஷர், அவரே சொல்லும்போது நடுவில் புகுந்து அவரைப் பொய்யராக்குவதா?

இப்போது அந்த வீட்டில் இருக்கிற ஜோடியிடமும் உயரமான வண்டி ஒன்று உண்டு. சாதுவான பிள்ளைகள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். அவர்கள் வாசல் கேமராவில், சக்கரத்துக்குப் பக்கத்தில் நான் குந்தியிருப்பது தெரிகிறது என்றுதான் நீங்கள் வந்தீர்கள். நீங்கள் கேட்டது இந்த வண்டியைப் பற்றி மட்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க எனக்கு வராது. டீச்சர் ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கியது நான். அதில்தான் அவள் போவாள் என்று தெரியும். வெடிக்கும் என்பதும் தெரியும். சுவர் வழியாக எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மறுபடி "ம்"முக்குப் போய்விட்டார். டாக்டர் ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். குழந்தைக்காக டீச்சரின் தங்கையையே அவருக்குக் கட்டிவைத்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள், அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். வீட்டில் சண்டை என்று ஒரு சத்தமே கிடையாதாம்.

பாவம்.