முதல்ல சலாது, பொறகு வட்டலாப்பம்

– இருநூத்தி அறுபத்தி நாலு! இஞ்ச பாருங்க சப்ரிட வாப்பா, செருப்பக் கழட்ட முந்தி இந்தப் போனப் பாருங்க.

– என்ன ஷபீகா, நிக்காஹ் சாப்பாட்டுக்குப் போய் வெள்ளவத்தையால பஸ்ல இடிபட்டு வந்த மனிசனுக்கு ஒரு சலாம் இல்லயா?

– சலாம் பொறகு. சீனி பாக்க டொக்டர் உங்கட கைல ஒட்டின வட்டம், நீங்க திண்டத எல்லாம் இஞ்ச எனக்குச் சொல்லிக்கொண்டே ஈக்கி. எத்தின கிண்ணம் சக்கர வட்டலாப்பம்?

– நான் டொக்டர் சொன்ன ஓடர்லதான் திண்ட. முதல்ல பச்ச மரக்கறிச் சலாது, பொறகு இறைச்சி, கடைசில சோறு. அப்பிடித் திண்டா சிறுகுடல் சீனிய மெதுமெதுவாத்தான் ரத்தத்துக்குள்ள விடும். நீயும்தானே பக்கத்தில குந்திக் கேட்ட.

– கேட்ட, கேட்ட. ஆறு பேர் சுத்திக் குந்தித் திங்கிற சஹன்ல உங்களுக்கு மட்டும் எங்கால அவ்வளவு சலாது?

– ஆறு பேர்டயும் நான்தான் வாரின. மீரா சாஹிப் ஹாஜியார் கைய வெக்க முந்திக் காலி. மனிசன் என்னப் பாத்த பார்வை!

– வெக்கங்கெட்ட வேல. பொறகு?

– பொறகென்ன, குடலுக்குக் காவல் போட்டாச்சு. சும்மா விடலாமா? ஒரு சின்ன வட்டலாப்பம்.

– சின்னது?

– ரெண்டு. சஜீத் மச்சான் வேணாண்டு தள்ளினதோட மூணு. அவர் மனசு நோகப்படாதே.

– என்ட மனசு நோகலாமா? திங்கக்கிழம டொக்டர் இத எடுத்துப் பாக்கிற. இருநூறத் தாண்டினா இன்சுலின் ஊசிண்டு சொல்லிட்டார். நுளம்பு கடிச்சாலே குழறுற மனிசன் நீங்க. தினம் ஆர் குத்துற? நான்தான். எனக்குப் பயமா ஈக்கி, தெரியுமா?

– அழாத புள்ள. இந்தா, சட்டைக் கைய மடிச்சிப் பாரு.

– எங்க வட்டம்?

– காலையில வெளிக்கிட முந்தியே பிச்சி அலுமாரில வெச்சிட்ட. நீ போனப் பாத்துக்கொண்டு ஈப்பாய்ண்டு எனக்குத் தெரியாதா?

– கள்ளன்! கிழட்டுக் கள்ளன்!

– கள்ளன்தான். ஆனா அது அலுமாரில நான் உடுக்கிற சாரத்துக்கு நடுவில கிடக்கு. அப்ப உன்ட போன் ஆர்ட சீனியச் சொல்லுது? என்ட சாரத்துக்குச் சீனி வருத்தமா?

– பொறுங்க, அந்த வட்டம் வந்த பெட்டி எங்க?

– பெட்டி இப்ப என்னத்துக்கு? ஷபீகா? ஏன் முகம் இப்பிடிப் போகுது?

– பெட்டில இன்னொரு வட்டம் கிடந்திச்சு. நீங்க போன பொறகு சும்மா என்ட கைல ஒட்டிப் பாத்த. போன் என்னமோ கேட்டிச்சு, சரிண்டு அமத்தின... சப்ரிட வாப்பா, நீங்க விருந்துக்குப் போனதால நான் சமைக்கவும் இல்ல. விடியக்கால இருந்து சீனி போடாத பிளேன்டீ ஒண்டுதான் குடிச்ச.