ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி

வீட்டுக்கென்று மரம் அறுக்கும் மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். விலையை அப்புறம் கேட்கலாம். இது நாலரை கிலோ. பெட்ரோலும் ஆயிலும் ஊற்றினால் ஐந்தரையைத் தாண்டாது. அறுபத்தேழு வயதில் நானே தரையில் வைத்துக் காலால் மிதித்துக் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

மெஷின் எப்படி என்று கேட்டீர்கள், சார். மொத்தத்தில் நல்ல மெஷின்தான். வீட்டு வேலைக்கும், அவ்வப்போது வாடகைக்கு விடுவதற்கும் போதும். தினமும் எட்டு மணி நேரம் மரம் அறுத்துப் பிழைக்கிறவனுக்குப் போதாது. அந்த விலைக்கு அதை எதிர்பார்க்கவும் கூடாது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகராக இருந்தேன். போல்ட், வால்வு, கிரேன் கொக்கி எதுவானாலும் வெங்கடநாராயணன் என்று கையெழுத்து விழாமல் உள்ளே வராது. ரிட்டயரான பிறகு லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் நானும் என் மனைவி கோமதியும் மட்டும். இருபத்து நான்கு வீடுகள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். காம்பவுண்டுக்குள் பதினோரு மரங்கள். வெயில் காலம் வந்தால் ஏதாவது ஒரு சாயங்காலம் கால்பைசாகிப் புயல் அடித்து ஒன்றிரண்டைச் சாய்த்துவிட்டுப் போகும். ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது நம் வாசலுக்கு ஆள் வர நாளாகும்.

சொந்தமாக ஒரு மெஷின் வாங்கலாம், பக்கத்துக் குடியிருப்புகளுக்கு வாடகைக்கும் விடலாம் என்பது கிரிதரின் யோசனை. எங்கள் குடியிருப்பின் செயலாளர் அவர். வங்கி அதிகாரி, நாற்பத்தொரு வயது. நல்ல மனிதர். கோமதிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது தன் காரில் கொண்டுவந்து விட்டு, மாடிப்படியில் கைத்தாங்கலாக ஏற்றியவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. அதையும் யோசித்துத்தான் பார்த்தேன்.

ஆனால் போன வருடப் பொதுக்குழுவில் ஒன்று நடந்தது. தண்ணீர் பம்பைப் பற்றி நான் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். கிரிதர் அதை மேஜையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, "மாமா ரிப்போர்ட்டை மேல ஏத்தறதுக்கே தனியா ஒரு பம்ப் வேணும்" என்றார். ஹாலே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், ஒப்புக்கொள்கிறேன். கோமதியும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்றிரவு சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

இந்த வருடம் மெஷினைப் பரிசோதிக்கும் பொறுப்பை அவரே என்னிடம் கொடுத்தார். ஹவுராவில் ஒரு கடைக்காரர் ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். பழைய மரத்துண்டுகளைப் போட்டு ஆறு நாள் அறுத்தேன். கை அதிர்வு குறைவு. சங்கிலியை இறுக்கும் திருகு பக்கவாட்டிலேயே இருப்பது வசதி. சத்தம் அதிகம்.

பிரேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த மாதிரி மெஷினில் சங்கிலி ஓடும் தகட்டின் மூக்கு எதிலாவது பட்டால், மெஷின் சட்டென்று பிடித்திருப்பவர் முகத்தை நோக்கித் துள்ளும். அதற்காகவே கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். துள்ளும்போது மணிக்கட்டு அதில் மோதும். சங்கிலி அந்த நொடியே நின்றுவிட வேண்டும். மெஷின் குளிர்ந்திருந்தபோது நின்றது. நாலாம் நாள் இடைவிடாமல் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுத் தடுப்பைத் தள்ளினேன். நிற்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை ஓடிவிட்டுத்தான் நின்றது. ஆறவிட்டால் பழையபடி சரியாகிவிட்டது. மூன்று நாளில் பத்துத் தடவை சூடாக்கிப் பார்த்தேன், ஏழு தடவை வழுக்கியது. கடையில் இரண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டுவார்கள், அங்கே இது தெரியவே தெரியாது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரிட்டயரானதிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ரிப்போர்ட் ஒன்பது பக்கம் வந்தது. ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்: அரைமணி நேரம் தொடர்ந்து ஓடிச் சூடானால் பிரேக் பிடிக்காது, உயிருக்கு ஆபத்து, மாற்றித் தரும்வரை வாங்கக் கூடாது. பொய் ஒரு வரி கிடையாது. என் சர்வீஸில் பொய் எழுதியதே இல்லை.

கிரிதரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். மற்றதையெல்லாம் படம் பார்ப்பதுபோல் புரட்டினார்.

"என்ன மாமா, பி.எச்.டி. பண்ணியிருக்கேள். நீங்களே சொல்லிடுங்கோ. ஓகேதானே?"

"எல்லாம் எழுதியிருக்கேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"நீங்க பார்த்தாச்சுன்னா போறும் மாமா. அதுக்கு மேல என்ன இருக்கு?"

கையெழுத்துப் போட்டார். மறுநாளே பணமும் கட்டிவிட்டார். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று என்று நான் வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காற்றடித்து, கேட்டுக்குக் குறுக்கே ஒரு குல்மோஹர் மரம் விழுந்தது. ஞாயிறு காலை கிரிதர் புது ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு இறங்கினார். வெளி ஆள் வேண்டாம், நானே அறுக்கிறேன் என்றார். கேட் காவலுக்கு இருக்கும் தர்வான் அறுத்த கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டான். நான் நாற்காலி போட்டுப் பதினைந்தடி தள்ளி உட்கார்ந்தேன். தொடங்கும்போது எட்டு மணி பத்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு அவர் வேகத்தைக் குறைத்து என் பக்கம் திரும்பினார்.

"மாமா, கொஞ்சம் ஆறட்டுமா? கையும் வலிக்கறது."

நான் சொன்னேன்: "நன்னாத்தானே ஓடறது. நிறுத்தி நிறுத்திப் போட்டா பிளக் போயிடும்."

அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, சார். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் குனிந்தார். என் பேச்சை அவர் தட்டியதே இல்லை.

எட்டு நாற்பத்தேழுக்கு இலைகளுக்குள் மறைந்திருந்த ஒரு கிளையில் தகட்டின் மூக்கு பட்டது. மெஷின் துள்ளியது. மணிக்கட்டு தடுப்பில் சரியாகத்தான் மோதியது. ஒன்று, இரண்டு. நான் எண்ணினேன். அதற்குள் கழுத்துக்குப் போய்விட்டது. ஏழாம் பக்கத்தில் எழுதியது சரியாக இருந்தது.

எல்லோரும் துணியைத் தேடி ஓடினார்கள். நான் மாடியேறிப் போய் ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் கோமதி துண்டுகளை வாரிக்கொண்டு எதிரே வந்தாள்.

"ஏன்னா, கையில என்ன அது?"

"ரிப்போர்ட். அவன் கையெழுத்து இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

முதலில் நீங்கள் விபத்துச் சாவு என்றுதான் எழுதினீர்கள். ஃபைலைக் கொடுத்தபோது எனக்கு நன்றிகூடச் சொன்னீர்கள். நேற்று அதைப் படித்துச் சொல்ல ஸ்டேஷனில் ஆள் இல்லாமல், துறைமுகத்தில் வேலை பார்க்கும் பிரிட்டோவை அழைத்துவந்தீர்கள். அவர் ஏழாம் பக்கத்தை வங்க மொழியில் சொல்லி முடித்ததும் நீங்கள், இதையெல்லாம் கிரிதர் படித்தாரா என்று கேட்டீர்கள்.

கிரிதர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பவானிபூர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் கோமதியிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார். வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ள வெட்கம். இது எனக்கும் கோமதிக்கும் மட்டும்தான் தெரியும். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது, வயதான பிறகாவது தாய்மொழியில் எழுதுவோமே என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டதற்குச் சரியான பதில் இதுதான்: முப்பத்து நான்கு வருடம் நான் எழுதிய ரிப்போர்ட் அத்தனையும் ஆங்கிலத்தில், பம்பைப் பற்றி எழுதியதும் ஆங்கிலத்தில், தமிழில் எழுதியது இந்த ஒன்றைத்தான்.