வெற்றுத்தாள் கையெழுத்துக்குச் சபையிலேயே பதில் சொல்ல வைத்த புஷ்பவதி அம்மையாருக்கு

உக்குவளை ஈன்ற உத்தமியே! மாத்தளை மக்களின் மனுக்களை மனத்தில் வாங்கிய மாண்பே! கோபம் வந்தால் கோப்பைத் தட்டி மூடும் எங்கள் கோமகளே! திருமதி புஷ்பவதி மாரிமுத்து அவர்களே, வணக்கம்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மாத்தளை அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கடிதப் பிரிவைக் கட்டிக் காத்து, இன்று ஓய்வு பெறுகிறீர்கள். மூன்று உறுப்பினர்களைக் கண்டீர்கள். மூவரையும் பாரபட்சமின்றி அதட்டினீர்கள். நாவுல விவசாயிக்குச் சிங்களத்திலும் தோட்டத்துத் தாய்க்குத் தமிழிலும் கடிதம் எழுதி, அவர்கள் பஸ் ஏறுமுன் கையில் கொடுத்த உங்கள் வேகத்தை ஊரே அறியும்.

ஆனால் இன்று இந்த மண்டபம் இப்படி ஆரவாரிப்பது அதற்காக மட்டும் அல்ல.

உறுப்பினர் கொழும்பில் இருக்கும் நாட்களில் சனங்கள் காத்திருக்கக்கூடாது என்று, அவர் கையெழுத்திட்ட வெற்றுக் கடிதத் தாள்களை இழுப்பறையில் வைத்திருப்பது நம் அலுவலக வழக்கமாக இருந்தது. கடந்த ஆண்டு அதில் ஒன்றை, பாடசாலை அனுமதிக்கு என்று சொல்லி உறுப்பினரின் மைத்துனர் கேட்டார். நம்பிக் கொடுத்தீர்கள். அவரோ பலாபத்வலப் பக்கத்துத் தோட்டமொன்றின் குடிநீர் ஊற்றுக் காணியைத் தனக்கே குத்தகைக்குத் தரும்படி அதில் சிபாரிசு அடித்துக்கொண்டார். எதிரணி உறுப்பினர் ஒருவர் அந்தக் கடிதத்தைச் சபையில் உயர்த்திக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று நம் உறுப்பினரைக் கேட்டார். நாடே பார்த்தது.

நாங்கள் என்ன செய்தோம்? வெட்கத்தோடு சொல்கிறோம். கையெழுத்து போலி என்று பத்திரிகைகளுக்கு ஒரு மறுப்பறிக்கை தயாரித்தோம். எங்களில் ரஜீவன் வசனம் சொன்னார், ஸக்கியா தட்டச்சு செய்தார், உறுப்பினர் வாசித்துத் தலையசைத்தார். அப்போதுதான் நீங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தீர்கள்.

"சேர், கையெழுத்து ஒங்களோடது. தாள எடுத்துக் குடுத்தது நானு. ரெண்டையும் சபையிலயே சொல்லிருங்க."

"ஒங்க வேலைக்கே ஆபத்து மிஸ்," என்றார் உறுப்பினர்.

"எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசந்தான் சேர். அந்தச் சனங்களுக்குத் தண்ணி காலத்துக்கும் வேணும். சனங்க ஓட்டுப் போட்டு ஒங்கள அனுப்புன எடம் அது. அங்க கேட்டதுக்கு அங்கதான் பதில் சொல்லணும். பேப்பர்காரங்ககிட்ட சொல்லித் தப்பிக்கப் பாக்காதீங்க."

அடுத்த அமர்வில் உறுப்பினர் எழுந்தார். விசாரணை நடக்கிறது என்று நழுவவில்லை. நாடாளுமன்றச் சிறப்புரிமையின் பின்னால் ஒளியவில்லை. ஆம், என் கையெழுத்துத்தான், என் தவறுதான் என்றார். தாளை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள் என்று உங்கள் பெயரையும் சொன்னார். தொலைக்காட்சி முன்னால் நகம் கடித்துக்கொண்டிருந்த நாங்கள், எதிரணியே மேசையில் தட்டியபோது போட்ட கூச்சலில், பக்கத்துக் கடை இப்ஹாம் நானா தீப்பிடித்ததென்று தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்!

குத்தகை நின்றது. ஊற்று இன்றும் தோட்டத்துச் சனங்களிடமே இருக்கிறது. உறுப்பினர் தம் நாடாளுமன்றக் குழுத் தலைமைப் பதவியை விட்டார். உங்கள் சுயவிபரக் கோவையில் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது. அந்தக் கடிதத்தைப் பற்றி இந்த மடலில் எழுதாமல் விடலாமா என்று கேட்டோம்.

"அத விட்டா, நான் பத்தொம்பது வருசத்துல செஞ்ச பெரிய வேலைய விட்ட மாதிரி," என்றீர்கள்.

எழுதிவிட்டோம், அம்மா. பெருமையோடு எழுதிவிட்டோம்.

முழங்கால் வலி முற்றாய் நீங்கி, முகத்தில் சிரிப்பு மாறாமல், அதட்டும் குரல் அணுவளவும் குறையாமல் நெடுங்காலம் நலமுடன் வாழுங்கள். பொய் சொல்லத் தோன்றும் நாளில் உக்குவளைக்கு வந்து உங்கள் கதவைத் தட்டுவோம். திட்டுவதற்காகவேனும் திறவுங்கள்.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கித் திருந்திய
அலுவலகத்தார், உறுப்பினர் உட்பட
மாத்தளை