அவள் கூரைக் காய்

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் ஷேர் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவளின் மடியில் பை நிறையப் பீர்க்கங்காய்.

"சந்தைக்கா, அக்கா?" என்றாள் இளையவள்.

"இது என் காய் இல்ல. பக்கத்து வூட்டுக்காரியோடது."

"அவங்கதான் வூட்டப் பூட்டிட்டு திருப்பூர் போய்ட்டாங்களே?"

"கொடி என்னுது. பாத்திரம் கழுவுற தண்ணிய ஊத்தி வளத்தேன். ஆனா அவ கூரை மேல காய்ச்சா அவ காய். என்னிக்கும் அப்டித்தான்."

"நீயே ஆக்கித் தின்னா யாரு இன்னா கேக்கப்போறா?"

"ஆக்கிப் பாத்தேன், எறங்கல. கோடை வந்தா நான் காயப் பருப்பு போட்டுக் கடைவேன். தோல வதக்கி அவ தொவையல் அரைப்பா. ரெண்டு கிண்ணமும் வேலி மேலயே போவும், வரும். சாமை அரிசிச்சோறு எவ்ளோ தின்னோம்னே தெரியாது. அதான் திருப்பூருக்கே எடுத்துட்டுப் போறேன்."

"வர்றேன்னு போன் பண்ணிட்டியா?"

"பேச்சு இல்ல. அவ கெளம்புன அன்னிக்கு ஒரு கோழிக்காகச் சண்டை."

"பேசாதவ வூட்டுக்கு அவ்ளோ தூரமா?"

மூத்தவள் பையின் மேல் முந்தானையை இழுத்து மூடினாள்.

"பேச யாரு போறா? காயக் குடுத்துட்டு, அவ தொவையல் அரைக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன்."