பார்த்தே எழுதலாம்

கடைசி வரிசையில கொட்டாவி விடுற அண்ணே... உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன். கேட்டுட்டு அப்புறம் தூங்குங்க.

ஒரு தாலுகா ஆபீஸ். அதுல ஞானசெல்வம்னு ஒரு கிளார்க். எதிர் சீட்டுல வான்மதி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. பதவி உயர்வு வேணும்னா டிபார்ட்மெண்ட் பரீட்சை பாஸ் பண்ணணும். அது எப்படிப்பட்ட பரீட்சை தெரியுமா? புத்தகத்தை விரிச்சு வெச்சு, பார்த்தே எழுதலாம்! சிரிக்காதீங்க... எது எந்தப் பக்கத்துல இருக்குன்னு தெரியலைன்னா, மூணு மணி நேரமும் புரட்டிக்கிட்டேதான் இருக்கணும்.

வான்மதி மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் படிப்பாங்க. முக்கியமான பக்கத்துல எல்லாம் ஒரு காகிதத் துண்டைச் சொருகி வெப்பாங்க. நம்மாளு என்ன பண்ணுவார்? அந்தத் துண்டை எண்ணுவார்! திங்கக்கிழமை பன்னெண்டு. வெள்ளிக்கிழமை முப்பது. வயிறு எரியுது அவருக்கு. "முப்பதா! என்னைவிட இவ பெரிய அறிவாளியா?" அன்னைக்கே வீட்டுக்குப் போய்ப் படிக்க உட்காருவார். உட்கார்ந்ததும்... மேஜை தூசியா இருக்கும். துடைப்பார். புத்தகத்துக்கு அட்டை போடுவார். பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்ப்பார். முதல் பக்கத்தைத் திறந்தா, கண்ணு முன்னாடி அந்த முப்பது துண்டும் வந்து நிக்கும். "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு மூடிடுவார்.

பரீட்சை அன்னைக்கு? தலைவலி! அடுத்த பரீட்சைக்கு? மச்சினன் வீட்டு விசேஷம்! அதுக்கும் அடுத்ததுக்கு? மறுபடியும் தலைவலி! நாலாவதுக்கும் போகல.

அந்த நாலாவது பரீட்சை முடிஞ்சு, ஒரு நாள் வான்மதி பால்கோவாவோட வந்தாங்க. "சார், பாஸ் பண்ணிட்டேன், எடுத்துக்கோங்க." நம்மாளு ஒரு துளி கிள்ளி வாயில போட்டார். இனிப்பே தெரியல. அவ்வளவு பொறாமை!

"ஏம்மா வான்மதி, உனக்கு நேரம் இருக்கு, பாஸ் பண்ணிட்ட. நான் மட்டும் உட்கார்ந்து படிச்சிருந்தேன்னா... முதல் தடவையே பாஸ்!"

அந்தம்மாவுக்குக் கோபமே வரல. "இருக்கலாம் சார். நான் மூணு தடவை பெயில்."

"என்னது... பெயிலா? பாத்து எழுதுற பரீட்சையிலயா? வெக்கமா இல்ல?"

"ஏன் இல்ல? முதல் தடவை வீட்டுல உட்கார்ந்து அழுதேன். ஆனா எந்தப் பக்கத்துல துண்டு வெக்கணும்னு, பெயில் ஆனப்புறம்தான் சார் தெரிஞ்சுது. நீங்க எத்தனை தடவை பெயில்?"

நம்மாளு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னார்... "ஒரு தடவைகூட இல்ல!"

சொல்லி முடிச்சப்புறம்தான், தான் சொன்னது அவருக்கே உறைச்சுது.

அடுத்த மாசம் வான்மதிக்கு ஆர்டர் வந்துடுச்சு. இப்போ ஞானசெல்வம் எழுதுற ஒவ்வொரு ஃபைலும் அந்தம்மா கையெழுத்துக்குப் போகுது. "ஏம்மா"ன்னு கூப்பிட்டவர், "மேடம்"னு எதிர்ல நிக்கிறார்.

இப்ப நீங்க சொல்லுங்க... ஞானசெல்வம் சோம்பேறியா? எந்தச் சோம்பேறி மேஜையைத் துடைக்கிறான்? அவருக்குப் பயம்! எழுதிப் பெயிலாயிட்டா, வான்மதியைவிட நான் மட்டம்னு தெரிஞ்சுடுமே! எழுதாத வரைக்கும்? "படிச்சிருந்தா பாஸ்!" அந்த ஒரு வார்த்தையைக் காப்பாத்தத்தாங்க அத்தனை தலைவலியும்!

உனக்கு எப்படிய்யா தெரியும்னு பாக்குறீங்களா? இதே மேடையில நான் போன வருஷமே பேசியிருக்கணும். எனக்கு முன்னாடி பேசுனவருக்கு நீங்க தட்டுன கைதட்டலைக் கேட்டேன்... எனக்கு எரிஞ்ச எரிச்சல் இருக்கே! "தொண்டை சரியில்ல, அடுத்த வருஷம் பேசுறேன்"னு பஸ் ஏறிட்டேன். நானும் ஒரு ஞானசெல்வம்தாங்க.

உங்க வீட்டுலயும் ஏதோ ஒரு வேலை காத்துக்கிட்டு இருக்கு. எதுன்னு உங்களுக்குத் தெரியும். எதிர் சீட்டுல எத்தனை துண்டுன்னு எண்ணாதீங்க. இன்னைக்குப் போய் ஒரு துண்டு... ஒரே ஒரு துண்டு நீங்க வைங்க. பெயிலா? ஆகட்டும்! ஆனா உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்... மேஜையை மட்டும் துடைக்காதீங்க!